பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெட்ரோல்

அன்புள்ள பாப்பா,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் குளிர், சளி எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கை அணைக்கும்போது நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், நீயே சொல்லு. சாப்பிட்டீர்களா என்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், மாத்திரை போட்டீர்களா என்கிறாய், போட்டேன் என்கிறேன், அதற்குள் குட்டி எதையாவது இழுத்துப் போடுகிறாள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, வேலைக்கும் போய்க்கொண்டு குழந்தையையும் பார்ப்பவளுக்கு எத்தனை கை இருக்கும். ஆனால் கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நடுவில் யாரும் வைக்க முடியாது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்த மறுவாரமே இங்கே வந்தாள். வந்தவள் என்னைப் பார்ப்பாள் என்று பார்த்தால், அலமாரி மேல் இருக்கிற தூசியைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பார்த்தாள், சுவரில் ஓதம் ஏறியிருப்பதைப் பார்த்தாள், கடைசியில் என் தலையைப் பார்த்து இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டாள். இதற்கு இவள் கண் தெரியாமலே இருந்திருக்கலாம். மாடியில் இருந்தவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை, இவள் வரும்போது அவன் போகிறான். அவர்கள் முகம் எனக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை, படியில் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் யார் என்று சொல்லுவேன். அந்தச் சத்தமும் இல்லாத நாட்களில் நானே டீவியை இரண்டு மடங்கு சத்தமாக வைத்துக்கொள்கிறேன். என்ன ஓடுகிறது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, காரைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா போனபிறகு அது சும்மாதானே நிற்கிறது, விற்றுவிடுங்கள் என்று போன வாரம் சொன்னாய். சும்மா நிற்கவில்லை பாப்பா. சனிக்கிழமை ஆனால் அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் போடப் போவேன், அது உனக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு நிர்வாகம், வேறு வரி, அதனால் அங்கே பெட்ரோல் மலிவு. இந்த ஊரில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து பங்க்கில்தான் இருப்பார்கள். இதைக் கேட்டதும் மாப்பிள்ளை கணக்குப் போட்டு, போக வர எரிகிற பெட்ரோலைக் கழித்தால் மிச்சமாவது ஒரு டீக்குக்கூடக் காணாது என்று உன்னிடம் சொல்லியனுப்பினார். அவர் கணக்கில் தப்பே இல்லை. அவருக்கு முன்னாலேயே பெட்ரோல் வரிசையில் எங்களோடு நிற்கிற ஒரு வாத்தியார் அதே கணக்கைப் போட்டு என்னிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நான் போனேன். ஏன் போனேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த பங்க் வாசலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு இதுவரை சொன்னதில்லை. வரிசை மெயின் ரோட்டைத் தாண்டி அடுக்குமாடி வீடுகளின் சுற்றுச்சுவர் ஓரமாகவே நீளும். எல்லா வண்டியும் எஞ்சினை ஓடவிட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒரு நாள் சண்டை வந்தது. அது மட்டுமா, மலிவாகப் பெட்ரோல் வாங்க வந்துவிட்டு வரிசையிலேயே பாதியை எரித்தால் வந்ததற்கு என்ன அர்த்தம். அதனால் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரிசையில் சேர்ந்ததும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், கியரை நியூட்ரலில் போட்டுவிட வேண்டும். முன்னால் இடம் காலியானால் பின்வண்டிக்காரர் இறங்கி வந்து முன்வண்டியைத் தள்ளிவிடுவார். அவர் வண்டியை அவருக்குப் பின்னால் இருப்பவர் தள்ளுவார். சட்டைப் பையில் பேனா சொருகிய பெரிய மனிதர்கள்கூடக் குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளுவதைப் பார்க்க வேண்டும் நீ.

என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் யாரைத் தள்ளுவது? முதல் தடவை எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது, என்னை மட்டும் ஓசியில் தள்ளுகிறார்களே என்று. அப்போது பேக்கரி வேன்காரர் ஒருவர் ஒரு வழி சொன்னார். விடியுமுன் ரொட்டி போட ஆரம்பிப்பவர் அவர், வரிசையில் நின்றால் கண் தானாகச் சொருகும். அவர் தூங்கும்போது வேனில் யாராவது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் தள்ளிக்கொள்வார்கள். அந்த வேலை எனக்கு வந்தது. பிறகு டீ குடிக்கப் போகிறவர், மருந்துக் கடைக்குப் போகிறவர் எல்லாருமே வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். என் காரைக் கொஞ்சம் நகர்த்தி, இறங்கி, வேனில் ஏறி, அதைக் கொஞ்சம் நகர்த்தி, அடுத்த வண்டிக்குப் போய், இப்படி நான் ஒருத்தியே நாலைந்து வண்டிக்கு டிரைவர். அவர்கள் எனக்கு வைத்த பெயர் கேப்டன். உன் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக், பிரேக் என்று கத்தியதில் லைசென்ஸ் வாங்கியும் பல வருடம் நான் ஸ்டீயரிங் பக்கமே போகாமல் இருந்தவள்.

வாத்தியார் என்றேனே, அவர் வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுப்பவர். பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் காலம் தள்ளியவளுக்கு மனிதர்களைப் பார்த்தால் முதலில் பல்தான் கண்ணில் படும். அவருக்கு இடது பக்கம் மேல் கடைவாய்ப் பல் போய்விட்டது, கட்டவும் இல்லை, அதனால் கோபமாகப் பேசும்போது விசில் அடிக்கும். வரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த விசில் நிற்காது. விலையில் பாதிக்கு மேல் வரிதான், வரிக்கு மேல் வரி போடுகிறார்கள், இது பகல் கொள்ளை என்பார். பேக்கரிக்காரர் கண்ணைத் திறக்காமலே, டீசல் ஏறினால் பன் விலை ஏறுது, பன் விலை ஏறினால் திட்டு எனக்கு விழுது, வரி போட்டவன் எவனும் என் கடைப் பக்கம் வந்து திட்டு வாங்குவதில்லை என்பார். வரிசையில் எல்லாரும் ஆமாம் போடுவார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிர்க்கட்சி. ரோடு எப்படி வந்தது, ரோட்டு விளக்கு எப்படி எரிகிறது, வரி கட்டாமல் இருக்க நாம் தாண்டி வருகிறோமே அந்தப் பாலம், அது எந்தக் காசில் கட்டியது என்று கேட்பேன். பாலத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் எல்லாரும் அவரவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு வாத்தியார், கேப்டன் அரசாங்கத்து ஆள், கேப்டன் வண்டியைத் தள்ளாதீங்க என்று ஆரம்பிப்பார், ஒரே சிரிப்பாக இருக்கும். தள்ளாமல் விட்டதே இல்லை.

வரி குறையவே கூடாது என்று அப்படி வாதாடினேனே, ரோட்டு விளக்கு எரிய வேண்டும் என்கிற அக்கறையில் இல்லை பாப்பா. வரி குறைந்தால் இந்த வரிசை இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று உன் சம்பந்தப்பட்டது. போன வருடம் நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "பெட்ரோல் விலை ஏறினதுல டிக்கெட் எங்கேயோ போயிடுச்சும்மா, மூணு பேருக்குக் கட்டுப்படியாகாது. விலை இறங்கட்டும், இறங்கினதும் முதல் ப்ளைட்ல நான் அங்கே இருப்பேன்." இதை நான் வரிசையில் பெருமையாகச் சொல்லிவைத்தேன். வாத்தியார், விமானத்துக்கு ஊற்றுவது வேறு எண்ணெய், அதற்கு வேறு வரி, இது இறங்கினால் அது இறங்க வேண்டும் என்று இல்லையே என்று விளக்கப் பார்த்தார். உங்கள் விளக்கத்தை ட்யூஷன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், என் பெண் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் வாயை அடைத்த பிறகு எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. விலை உயரத்தில் இருக்கும்வரை நீ வராததற்கு விலைதான் காரணம். நான் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். விலை இறங்கியும் நீ வராவிட்டால் நான் யாரைத் திட்டுவது?

நீ செய்தியில் பார்த்திருப்பாயோ என்னவோ, போன மாதம் இந்தப் பக்கமும் வரியைக் குறைத்து அந்தப் பக்கத்துக்குச் சமமாக்கிவிட்டார்கள். அறிவிப்பு வந்தபோது நாங்கள் வரிசையில் இருந்தோம். நான் பேக்கரி வேனில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேன் ரேடியோவில்தான் சொன்னார்கள். தூங்கிக்கொண்டிருந்த மனுஷர் எழுந்து கைதட்டினார். செய்தி பின்னால் போகப்போக ஒவ்வொரு வண்டியாக ஹாரன் அடித்தது. மூச்சுத் திணறும் வீட்டுக்காரர்கள்கூட பால்கனிக்கு வந்து கையசைத்தார்கள், அவர்களுக்கும் விடுதலைதானே. எல்லாரும் கொண்டாடும்போது நான் மட்டும் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் ஜன்னல் பக்கம் வந்து, கேப்டன் கட்சி தோற்றுவிட்டதே என்று கேலி செய்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தலைவலி என்றேன். அன்றைக்கு என் காரை பம்ப் வரைக்கும் அவரே தள்ளினார், பின்னால் இருந்தவரை விடவில்லை.

அதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பார், ஒருவர் போன் நம்பரை ஒருவர் வாங்கிக்கொள்ளவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை நாளும் தேவைப்படவே இல்லையே, சனிக்கிழமை ஆனால் வரப்போகிறார்கள், வந்தால் வாத்தியாரே என்று கூப்பிட்டால் திரும்பப்போகிறார். பேக்கரிக்காரர் எனக்கு ஒரு ரொட்டி கொடுத்தார். வெட்டாமல் முழுசாக இருந்தது. தனியாளுக்கு இது எதற்கு, பாதி போதும் என்றேன். "வெச்சுக்கோங்க கேப்டன், வீட்டுக்கு யாராச்சும் வருவாங்க" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். நானேதான் சாப்பிட்டு முடித்தேன், கடைசியில் காய்ந்துபோனதைப் பாலில் தோய்த்து.

இந்த மாதம் பிறந்ததும் புது விலை வந்தது. நம் தெரு முனையில் இருக்கிற பங்க்கிலேயே அதே விலை. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போய் நிமிஷத்தில் போட்டுக்கொண்டு வந்து, இனிமேல் நீங்கள் அலைய வேண்டாம் என்று எனக்கு நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். ஆமாம், நிம்மதி என்றேன். நேற்று சனிக்கிழமை. காலையில் அலமாரித் தூசியைத் துடைத்தேன், துணியைக் காயப்போட்டேன், சாப்பிட்டேன், படுத்தேன், தூக்கம் வரவில்லை. கார் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அவர் கணக்கில் இது இன்னும் நஷ்டம்.

பாலம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்து ரோடும் காலி. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு வண்டி இல்லை, டீக்கடைக்காரர் பெஞ்சைக் கவிழ்த்து வைத்திருந்தார். நேராக பம்ப்புக்குப் போய் நிறுத்தியிருக்கலாம், யார் தடுக்கப்போகிறார்கள். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கமாக வரிசையில் சேருகிற இடத்துக்குக் கிட்டத்தில் வந்ததும் என் கை தானாகப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டது, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்க்கிறேன். பின்னால் யாரும் இல்லை. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் திருப்பக் கை வரவில்லை பாப்பா. அப்பாவை மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேனே, நீகூடக் கையைப் பிடித்து இறக்கினாயே, அதேபோல இருந்தது.

பம்ப்பில் பெட்ரோல் போடுகிற பெண் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நடந்து வந்தாள். "வண்டி நின்னுபோச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், காலி ரோட்டைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். ஒல்லிப் பெண், ஒருத்தியாகவே பம்ப் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாள். வரிசை இருந்தபோது வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள், முழு டேங்க் யாருக்கும் கிடையாது. நேற்று அவள் எவ்வளவும்மா என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நிரப்பிவிடு என்றேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், காலையில் வாத்தியாரும் வந்தாராம். பார்த்தால் அவர் டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்ததாம், கொஞ்சம் ஊற்றுவதற்குள் வழிந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் டீக்கடைப் பக்கம் நின்றுவிட்டுப் போய்விட்டாராம். கணக்குத் தெரிந்தவர், அவருக்கா தெரியாது டேங்க் நிறைந்திருப்பது. அடுத்த சனிக்கிழமை நானும் காலையிலேயே போய்ப் பார்க்கலாமா என்று யோசனை. அவர் வந்தால், கேப்டனும் காலையில் வரக்கூடும் என்று சொல்லச் சொல்லி அந்தப் பெண்ணிடம் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டுப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். கடைசிக் கோட்டில் போய் நின்றிருக்கிறது. அப்பா போனபிறகு அந்த முள் அங்கே போய் நான் பார்த்ததே இல்லை. டேங்க் நிறைய இருக்கிறது, போவதற்குத்தான் எனக்கு ஓர் இடம் இல்லை. அப்போதுதான் இதை உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். விலை இறங்கி இத்தனை நாளாகியும் நீ போனில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கவனித்திருப்பாய். நான் கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வருமே, அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கடிதத்தில் அந்த மௌனம் உன் வீட்டிலேயே இருந்துவிடும், எனக்குக் கேட்காது. உண்மையிலேயே டிக்கெட் இறங்காமல் இருக்கலாம். வாத்தியார் சொன்னதுபோல அது வேறு எண்ணெயாகவே இருக்கட்டும். லீவு கிடைக்காமல் இருக்கலாம், குட்டிக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று பயமாக இருக்கலாம், இந்த வீட்டில் அப்பா இல்லாமல் நுழைய உனக்குக் கஷ்டமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் சொல்லு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இனிமேல் பெட்ரோல் விலையை மட்டும் சொல்லாதே.

உன் கடைவாய்ப் பல் வலியைத் தள்ளிப்போடாதே, வலி நின்றுவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நரம்பு போய்விட்டது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லு. குட்டியின் பாதத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கி வைக்கிறேன். அனுப்பத் தாமதமானால் பாதம் வளர்ந்துவிடும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதே. காரை நான் இப்போதைக்கு விற்பதாக இல்லை. வருகிறபோது ஏர்போர்ட்டில் டாக்சி எதுவும் பிடிக்காதே, நானே வருவேன், போக வர எவ்வளவு எரிந்தாலும் பரவாயில்லை. மெக்கானிக்கிடம் கேட்டேன், டேங்கில் பெட்ரோலை ரொம்ப நாள் அப்படியே வைத்திருந்தால் கெட்டுப்போகுமாம்.

எப்போதும் உன் நினைவில்,
உன் அம்மா